தரிசு என்னும் பெயர்: பாலைத் திணையும் மின்னிலையங்களின் நில அறமும்

தொல்காப்பியர் நால்வகை நிலங்களுக்கே தெய்வம் கூறினார். பாலைக்கெனத் தனிநிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடை வெம்மையால் தம் இயல்பு கெட்டு எய்தும் வடிவமே பாலை என்பது சிலப்பதிகாரக் காடுகாண் காதை தரும் விளக்கம். எனவே பாலை என்பது நிலத்தின் பெயரன்று. நிலம் ஒரு காலத்தில் அடையும் நிலையின் பெயர். மழை பெய்தால் அது மீண்டும் முல்லையாகும். பெரிய சூரிய, காற்றாலை மின்னிலையங்களுக்கு இடம் தேரும் இன்றைய முறையை மதிப்பிடவும் இச்செய்தி துணைசெய்யும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

வேளாண் நிலத்தையும் காட்டையும் தவிர்த்துத் தரிசைத் தேர்க என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட நெறி. கேட்பதற்கு நியாயமான நெறிதான். ஆனால் தரிசு என்பது யார் இட்ட பெயர்? வருவாய்த்துறை வழக்கில் அப்பெயர் பெரிதும் வரியைச் சார்ந்தது. அரசுக்கு வரி விளையாத நிலம் தரிசாயிற்று. ஆடு மேய்ந்ததும் விறகு பொறுக்கியதும் கணக்கில் ஏறவில்லை. நம் வருவாய்ப் பதிவேடுகளில் ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்றொரு வகை உண்டு. புறம்போக்கு என்னும் சொல் இன்று வசையாகிவிட்டது. ஊரார் அனைவருக்கும் பொதுவாக விடப்பட்ட நிலம் என்னும் பொருளும் அதற்குண்டு என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இவ்வினா மும்பைத் தமிழர்க்கு அயலானதன்று. செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1956இல் அனல்மின் நிலையம் தொடங்கப்பெற்றது. எண்ணெய் ஆலைகளும் உர ஆலையும் சூழ்ந்த செம்பூரை ஊரார் ‘கேஸ் சேம்பர்’ என்று எள்ளியதுண்டு. அப்புகையை உயிர்த்தோர் தூய மின்சாரம் கேட்பது பேராசையன்று, உரிமையே. மும்பைப் புறநகரின் பெரும்பகுதிக்கு மின்சாரம் வழங்கும் அதானி எலக்ட்ரிசிட்டி நிறுவனம், ராஜஸ்தானின் ஜெய்சல்மரில் அமைந்த 700 மெகாவாட் சூரிய-காற்றுக் கலப்பு நிலையத்தின் மின்சாரத்தை 2023 அளவில் முழுமையாகப் பெறத் தொடங்கியது. இங்குப் புகை குறைவதற்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவு தொலைவில் உள்ள நிலம் துணைநிற்கிறது.

அந்நிலம் வெறும் நிலமா? ஜெய்சல்மர்ப் பகுதியில் ‘ஓரண்’ எனப்படும் கோயிற்காடுகள் உள்ளன. தெய்வத்தின் பெயரால் மரம் வெட்டாது காக்கப்பட்டு, ஒட்டகமும் ஆடுமாடும் மேய்வன. அவற்றுட் பல, அரசு ஆவணங்களில் தரிசாகவே பதிவாயின. தேக்ராய் ஓரணில் மின்கம்பிகள் செல்வதை எதிர்த்து அப்பகுதி மக்கள் போராடியுள்ளனர்.

அவர்கள் தம் சொல்லை முறைப்படி எடுத்துரைக்கும் அவை எது என்பதே சிக்கல். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் சூரிய ஒளி மின்தகடு நிலையங்களும் காற்றாலைகளும் இடம்பெறவில்லை. ஆகவே அதன்படியான மக்கள் கருத்துக்கேட்பும் இவற்றுக்கு இல்லை. 2016இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இவற்றை ‘வெள்ளை’ வகையில் சேர்த்தது. புகையின்மையை அளவுகோலாகக் கொண்டால் இது சரியே. நிலத்தை அளவுகோலாகக் கொண்டால் அவ்வெண்மை ஐயத்துக்குரியது. கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்துள்ளது. முகவை மாவட்டத்தின் வானம் பார்த்த பூமியில் ஓராண்டு விளையாத நிலம் மறு ஆண்டும் விளையாது என்று யாரும் உறுதி கூறார்.

கருத்துக்கேட்பு காலத்தாழ்வை உண்டாக்கும், தாழ்வு நிலக்கரியின் ஆயுளை நீட்டும் என்பர். வலிய மறுப்பு இது. கானமயில் வழக்கில், ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டரில் மேல்நிலை மின்கம்பிகளுக்குத் தான் 2021இல் விதித்த கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சு 21இல் தளர்த்தியபோது, பருவநிலை மாற்றத்தின் தீங்கிலிருந்து காக்கப்படும் உரிமையையும் ஏற்றது. அவ்வழக்கின் விவாதம் பெரிதும் பறவைக்கும் மின்சாரத்துக்கும் இடையேயானது. மேய்ப்பர் அதன் ஓரத்திலேயே நின்றனர். எனினும் மேய்ப்பரைக் கேட்பது என்பது நிலையத்தை மறுப்பதாகாது. எந்த மேட்டை விட்டு எந்தப் பரப்பைக் கொள்வது, ஒட்டகத்தடம் எது, குளத்துக்கு நீர்வரும் வழி எது என்பன அவர்கள் மட்டுமே சொல்லக்கூடியவை. செயற்கைக்கோள் படத்தில் அவை தெரிவதில்லை.

2024 டிசம்பர் 18இல் உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானின் கோயிற்காடுகளை நேரிலும் செயற்கைக்கோள் வழியும் அளந்து காடு என வகைப்படுத்துமாறு ஆணையிட்டது. தரிசு என்னும் பெயர் நீங்க இது வழிசெய்கிறது. ஆயினும் ஓரண்களைக் காடு என்று எழுதிவிட்டால் தம் மந்தைகள் உள்ளே செல்ல இயலுமா என்னும் அச்சம், அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே அங்குள்ள மேய்ப்பரிடையே எழுந்திருந்தது.