ஓய்வும் உவகையும்: ஓர் அறவியல் வினா

ஓய்வு என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோமாயினும், அது எதனைக் குறிக்கின்றது என்று நின்று சிந்திப்பவர் சிலரே. வேலை முடிந்தபின் எஞ்சும் நேரமே ஓய்வு என்பது பொதுவான எண்ணம். இதன்படி ஓய்வுக்குத் தனக்கென ஓர் இயல்பு இல்லை. உழைத்தவன் கூலியோடு சேர்த்துப் பெறும் ஒரு சலுகையாகவே அது அமைகின்றது. இக்கருத்துச் சரியானதா? ஓய்வு உழைத்துப் பெறும் ஊதியமா, அன்றி மனிதனாகப் பிறந்தமையாலேயே ஒருவனுக்கு உரியதாகும் பொருளா? உரியதெனின், ஒருவரது ஓய்வு மற்றொருவரது உழைப்பின்மேல் நிற்குமிடத்து அதனால் விளையும் உவகை குற்றமற்றதாகுமா? கண்டி மாநகரில் அலுவலகமொன்றிற் பணிபுரியும் என்போன்ற இளைஞர்க்கு ஆகஸ்ட் மாத விடுமுறை நாட்களில் இவ்வினாக்கள் தாமாகவே எழுகின்றன. ஆட்டமும் இசையும் அன்றாட வாழ்வின் பாடும் இத்துணை நெருக்கமாக ஒன்றோடொன்று உரசும் நகரம் இலங்கையில் வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றுதற்குரிய நிலைக்களன்களைச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்காக வகுப்பர். செல்வத்தையும் அறிவையும் காதலையும் எண்ணிய வரிசையிலேயே விளையாட்டையும் வைத்து எண்ணியமை நோக்கற்பாலது. விளையாட்டு சிறுவர்க்கு மட்டும் உரியது, வளர்ந்தவர் அதனைக் கைவிடல் வேண்டும் என்னும் எண்ணம் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. அதனினும் நோக்கற்பாலது அவ்வுவகைக்கு அவர் தரும் அடைமொழி. துன்பம் நீங்கியதாகிய உவகை என்பது அதன் பொருள். யாருடைய துன்பம் நீங்கியது? மகிழ்பவனுடையது மட்டுமா, அவன் மகிழ்வதற்காகப் பாடுபட்டவனுடையதுமா? இலக்கண நூலார் இங்கு நின்றுவிடுகின்றார். அறவியல் நோக்குடையார் இங்கிருந்தே தொடங்கவேண்டியுள்ளது.

ஓய்வு கொள்ளும் பொருட்டே நாம் அலுவலில் ஈடுபடுகின்றோம் என்பது அரிஸ்டோட்டிலின் கொள்கை. ஓய்வே குறிக்கோள், வேலை அதற்கு வழி. மிக உயர்ந்த கருத்து இது. ஆயின் அவர் வாழ்ந்த நகரில் அடிமைகள் இருந்தனர். தறியின் ஓடம் தானே ஓடி நெய்யுமாயின் தலைவனுக்கு அடிமை வேண்டியதில்லை என்று அவரே ஓரிடத்திற் கூறுவர். ஓடம் தானாக ஓடத் தொடங்கி இரு நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆயினும், தறியின் முன் நின்றவர்க்கு அதனால் ஓய்வு கிட்டியதாக வரலாறு கூறவில்லை. ஆலைச் சங்கே அவர்க்குக் கிட்டியது. 1948ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை, ஓய்வையும் வேலைநேர வரம்பையும் ஒவ்வொருவர்க்கும் உரிய உரிமையென அறிவித்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட இலங்கைக் குடியுரிமைச் சட்டமோ மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. ஓய்வு ஓர் உரிமை என்ற குரல் எழுந்தபோது இம்மலைகளில் உழைத்தவர்க்கு எவ்வுரிமையைக் கேட்பதற்கும் நிற்க ஒரு நிலம் இருக்கவில்லை.

மாலை வேளைகளில் நகரமக்கள் உலாவச் செல்லும் கண்டி வாவியை எடுத்துக்கொள்வோம். அது இயற்கை தந்த நீர்நிலையன்று. வயல் நிலமாக இருந்த இடத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைப்பித்தது. நாயக்கர் மரபில் வந்த அம்மன்னன் 1815இல் முடியிழந்தமைக்குரிய காரணங்களுள், இத்தகைய வேலைகளுக்கு மக்களை வருத்தி வேலை வாங்கியதனால் எழுந்த வெறுப்பும் ஒன்றென்பர். அவன் 1832இல் வேலூரிற் சிறையிருந்தே இறந்தான், வாவி எஞ்சியது. இதனை அறிந்து உலாவுபவர்க்கும் அறியாது உலாவுபவர்க்கும் அங்கு வீசும் காற்று ஒன்றே. மண் சுமந்து மாண்டவர்க்கு நாம் இனிச் செய்யக்கூடியது யாதுமில்லை. அவர்பொருட்டு உலாவுதலை நிறுத்துவது பேதைமையாகும். நம்மோடு உடன் வாழ்பவர் செய்தியோ வேறு.

எசல பெரஹராவின் இரவுகளில் இவ்வேறுபாடு தெளிவாகும். தலதா மாளிகையும், நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களும் சேர்ந்து நடத்தும் அவ்விழாவில், நம் கண்ணகியே பத்தினித் தெய்வமாக உலா வருகின்றாள். வீதியோரத்தில் இருந்து காண்பவர்க்கு அது விழா. மேளம் முழக்குவோர் பலர்க்கோ அது பரம்பரைக் கடமை. அரசனுக்கும் கோயிலுக்கும் செய்யும் ஊழியத்திற்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்த குடிகளின் வழிவந்தவர் அவர். இராசகாரியம் என்னும் அவ்வூழிய முறையை ஆங்கிலேயர் 1832இல் ஒழித்தபோதும், கோயில் நிலங்களின்மேல் இருந்த ஊழியம் நீங்கவில்லை. 1870இன் சட்டம் அதனைப் பணமாகச் செலுத்தும் வழியை மட்டுமே திறந்தது. இதனைச் சிங்களவர் செய்தியெனத் தள்ளிவிடுதல் நமக்குத் தகாது. பறைமுழக்குவோரையும் தவிலும் நாதசுரமும் இசைப்போரையும் பிறப்பினாற் பிணித்து வைத்த வழக்கம் நம் ஊர்களிலும் உண்டு.

எனினும், இசைப்பவர் யாவரும் துன்பத்தோடு இசைக்கின்றனர் என்று கூறிவிடுதலும் உண்மையாகாது. கெட்டபெர மேளத்தை இடையிற் கட்டி, இரு கைகளாலும் முழக்கி, உடலையே தாளமாக்கி ஆடிவரும் முதியவரின் முகத்தை அருகில் நின்று நோக்குவோர்க்கு அங்கு ஒரு பெருமிதம் தெரியும். இருக்கைக்குப் பணம் கொடுத்து அமர்ந்திருப்பவர்க்குக் கிட்டாத உவகை அது. ஆகவே கடமையும் உவகையும் தம்முட் பகை என்று கொள்ளல் பிழை. வினாவை வேறு வகையிற் கேட்டல் வேண்டும். இன்று வேண்டாம் என்று அவர் மேளத்தை இறக்கி வைக்க முடியுமா? இறக்கி வைத்தால் அவருடைய வயலுக்கும் வாழ்வுக்கும் ஊறு நேராதா? நேராது எனின் அவர் முழக்குவது கலை. நேரும் எனின் அதிற் கலையும் உண்டு, கட்டாயமும் உண்டு. இவ்விரண்டனையும் பிரித்தறியாது கைதட்டுவோரே நம்முட் பலர்.

மலையகத் தோட்டங்களின் தப்பு இவ்வினாவை இன்னும் கூர்மையாக்குகின்றது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்ட காலந்தொட்டு, கண்டியைச் சூழ்ந்த ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை மலைகளெங்கும் லயங்கள் எழுந்தன. பழைய தோட்டங்களில் விடியுமுன் தப்பு ஒலிக்கும். ஆணும் பெண்ணும் எழுந்து பிரட்டுக்களத்திற் கூடுவர். சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துக்களைப் பயின்றோர் அவ்வதிகாலை முழக்கத்தை மறவார். அதே தப்பு மாசி மாதத்தில் காமன் கூத்துக்கும், கோயில் திருவிழாவுக்கும், இழவு வீட்டுக்கும் ஒலித்தது. தோலும் குச்சியும் அடிப்பவன் கையும் ஒன்றே. விடியலில் அக்கை துரைக்குரியது. திருவிழா இரவில் அவனுக்கும் அவன் ஊராருக்கும் உரியது. ஒரே ஒலி ஒருகால் அதட்டலாகவும் ஒருகால் ஆனந்தமாகவும் இருந்தமையால், வேலையும் விளையாட்டும் செயலின் வடிவத்தால் வேறுபடுவனவல்ல என்பது பெறப்படும். நேரம் யாருக்குரியது என்பதே வேறுபாடு.

இக்காலத்து இளைஞர் சிலர், சாதி இழிவு ஒட்டியிருப்பதாற் தப்பைத் தொடமாட்டோம் என்கின்றனர். வேறு சிலர் அதுவே தம் அடையாளமென மேடையேற்றுகின்றனர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் குறைகூறுவதைக் கேட்டிருக்கின்றேன். என் கருத்தில் இருவரும் செய்வது ஒன்றே: தொடுவதும் விடுவதும் தம் விருப்பம் என்று நாட்டுகின்றனர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மாணவரைக் கொண்டு கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை ஆகிய கூத்துக்களை மேடையேற்றியபோது, பட்டப்படிப்பு மாணவர் விரும்பிக் காலிற் சலங்கை கட்டினர். கற்றவர் விரும்பி ஆடிய பின்னரே நாட்டுக்கூத்துக்குக் கற்றோர் அவையில் மதிப்புக் கிட்டிற்று என்பது நமக்குப் பெருமை தரும் செய்திதான். சற்று நாணம் தரும் செய்தியுமாகும்.

துடுப்பாட்டத்தைப் பற்றிக் கூறாது கண்டியைப் பற்றிக் கூறுதல் இயலாது. முத்தையா முரளிதரன் 1972இல் இந்நகரிற் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்றவர். தேயிலைத் தோட்ட வேலைக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரன். 1992இல் டெஸ்ட் ஆட்டத்திற் புகுந்து, 133 ஆட்டங்களில் 800 விக்கெற்றுக்களை வீழ்த்தி, 2010 ஜூலையிற் காலியில் விடைபெற்றார். இடையில் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ணில் நடுவர் டரல் ஹெயார் அவர் பந்தை எறிகின்றார் எனக் கூறி ஏழு முறை தவறென அறிவித்தார். 1999இல் அடிலெய்டிலும் வேறொரு நடுவர் அவ்வாறே அறிவித்தார். பிறவியிலேயே முற்றும் நிமிராத அவர் முழங்கையை ஆய்வுகூடங்களில் அளந்தனர். பின்னர் ஏனையோர் கைகளையும் அளந்தபோது, முன்பு குற்றமற்றவை எனக் கருதப்பட்ட கைகளுட் பெரும்பாலானவையும் ஓரளவு நிமிர்வன என்பது வெளிப்பட்டது. 2005இல் 15 பாகை என்னும் பொது வரம்பு நடைமுறைக்கு வந்தது.

ஒருவனுடைய ஆட்டம் பாகைக் கணக்கில் அளக்கப்படுமிடத்து அது ஆட்டமாக எஞ்சுமா என்று கேட்கலாம். மலையிற் பெண்கள் பறித்த கொழுந்து தராசில் ஏறுவதுபோல அவர் கையும் தராசில் ஏறிற்று. ஆயினும், அத்தனைக்குப் பின்னரும் பந்தைக் கையிலெடுத்தபோது அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மாறவில்லை என்பதைத் தொலைக்காட்சியிற் கண்டவர் பலர். அளவை வெளியில் நின்றது. ஆட்டம் உள்ளே நின்றது. எனக்கு ஐயம் எழுவது வேறோரிடத்தில். அவருடைய ஒவ்வொரு விக்கெற்றுக்கும் லயங்களில் ஆரவாரம் எழுந்தது. நம்மவர் ஒருவர் என்னும் அவ்வெண்ணம் பொய்யன்று. ஆனால், ஒருவரின் வெற்றியைப் பலரின் ஓய்வுக்கு ஈடாகக் கொள்ளும்படி அவர்களை விட்டுவிடுதல் நேர்மையாகுமா? ஆடிக் களித்த ஒருவரைக் கண்டு களித்தல் நன்று. ஆடுதற்கு நேரமோ நிலமோ இல்லாதவர்க்கு அக்களிப்பு மட்டுமே பங்கு என்பது நன்றன்று.

வெறும் நேரம் ஓய்வாகாது என்பதையும் இங்கே கூறிவைத்தல் வேண்டும். போகம்பறை மைதானத்திற்கு அண்மையிலேயே 2014 வரை போகம்பறைச் சிறைச்சாலை இயங்கிற்று. மைதானத்தின் ஆரவாரம் மதிலுக்குள்ளும் கேட்டிருக்கும். உள்ளிருந்தவர்க்கு நேரத்திற்குக் குறைவில்லை. அதனை ஓய்வென்று யாரும் கூறார். வேலை தேடி அலையும் பட்டதாரியின் நீண்ட பகலும் அத்தகையதே. விடுமுறையைச் சட்டத்தால் வரையறுக்கலாம். 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமையை நீக்கிப் போயா நாட்களையே வார விடுமுறையாகவும் வைத்துப் பார்த்தனர். நாட்காட்டி மாறியது, கொழுந்து தன் நாட்களை மாற்றிக்கொள்ளவில்லை.

தோட்டத்தில் ஒரு நாளைய வேலையைப் பேர் என்பர். குறித்த நிறையிற் குறைந்தால் அரைப்பேர். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாயிற்று. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக உயர்ந்தது. தீபாவளிக்கு முற்பணம் வழங்கப்படும். அது பின்வரும் மாதச் சம்பளங்களிற் கழிக்கப்படும். இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நமக்கு ஓய்வு செய்த வேலையின் பயன். அவர்க்குத் திருநாள் இனிச் செய்யப்போகும் வேலையின் கடன். முதலிற் கேட்ட வினாவுக்கு ஒரு விடையை இது தருகின்றது. ஓய்வு உழைத்துப் பெறும் ஊதியமே எனின், இந்நாட்டில் அதனை மிகுதியாகப் பெற்றிருக்க வேண்டியவர் கூடை சுமந்த பெண்களே. அவர் பெறவில்லை. ஆகவே அக்கொள்கை உள்ளதை விளக்கவுமில்லை, உலகில் எங்கும் மதிக்கப்பட்டதுமில்லை. ஓய்வை உடையவர் தம் உடைமைக்குக் காரணம் காட்டுவதற்கே அது பயன்பட்டு வந்துள்ளது.

இவ்வாறு எழுதுமிடத்து, அங்ஙனமாயின் நீ நித்தவலையில் றகர் ஆட்டம் பார்ப்பதையும் இசை கேட்பதையும் விட்டுவிடு என்று நண்பர் கூறுவர். இது துறவிக்குரிய விடை. நான் ஓர் ஆட்டத்தைப் பாராது விடுவதால் ஹந்தானை மலையில் ஒருத்திக்கு ஒரு நாழிகை ஓய்வு கிட்டிவிடாது. குற்றவுணர்வு தன்னைத்தான் நோக்கும். பிறர் கூடையின் நிறையை நோக்காது. கொடுக்கக்கூடியது நேரமே. அதனைக் கொடுக்கத் தொடங்கும் இடம் மலையன்று, நம் சொந்த வீடு. மூன்று நாள் ஆட்டத்தைத் தொலைக்காட்சி முன் அமர்ந்து பார்க்கும் ஆடவர்க்குத் தேநீர் மூன்று நாளும் தானே வருவதில்லை. தாயும் தமக்கையும் அடுக்களையில் நிற்கும் அந்நேரம் விடுமுறைக் கணக்கில் எங்கும் பதியப்படுவதில்லை. சட்டம் இயற்றுவோரை நாம் நாளை கேட்கலாம். தேநீரை இன்றே நாமே ஊற்றிக்கொள்ளலாம். இதனை அற்பமென எண்ணுவோர், ஒரு வாரம் அவ்வாறு செய்து பார்த்தபின் எண்ணட்டும்.

காமன் கூத்துப் பல நாட்கள் நடைபெறும். பகலெல்லாம் மலையேறி வேலை செய்தவர் இரவில் வேடமிட்டு ஆடுவர். எவரும் அதற்குப் பேர் போடுவதில்லை. எவரும் களைத்தோம் என்பதுமில்லை. இரதி வேடத்தையும் நெடுங்காலம் ஆடவரே புனைந்து வந்தனர். பெண்கள் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, உறங்கும் பிள்ளையை மடியிற் கிடத்தி, களத்தைச் சுற்றி அமர்ந்து பார்ப்பர். மன்மதன் எரிந்து, இரதி புலம்பும் கட்டம் விடியலை நெருங்கியே வரும். அப்போது அவர்களுட் சிலர் ஒவ்வொருவராக எழுந்து லயத்தை நோக்கி நடப்பர். அடுப்பு மூட்டவேண்டிய நேரம் அது.