எடுத்தது, சேர்த்தது, உடைத்தது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களை ஒரு நோய் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. முதலில் கால் மரத்துப்போகும், பிறகு வீங்கும், நடை தள்ளாடும். இதயம் தளர்ந்து பலர் இறந்துபோனார்கள். அந்த நோய்க்கு பெரிபெரி என்று பெயர். அதே மண்ணில் தோட்டவேலை செய்த தமிழர்களிடம் அது அரிதாகவே தென்பட்டது. இரு தரப்பாருக்கும் சோறுதான் உணவு. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியோனர்ட் பிராடன் இந்த வேறுபாட்டைத் துருவிப் பார்த்து 1907-இல் ஒரு நூலே எழுதினார். சீனர்கள் தின்றது வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி.

தீட்டிய பச்சரிசி இருப்பில் கிடக்கும்போது அதில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்று பிராடன் நினைத்தார். அவர் சொன்ன காரணம் தவறு. கண்ட வேறுபாடு சரி. உண்மையான காரணத்துக்கான தடயம் அதற்கு முன்பே, 1890-களில், ஜாவாவில் கிடைத்திருந்தது. அங்கே கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவரின் ஆய்வுக்கூடக் கோழிகளுக்குப் பெரிபெரி போன்ற வாத நோய் வந்தது. ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்றவரை நோயாகக் கிடந்தன. தீட்டாத அரிசிக்கு மாறியதும் எழுந்து நடந்தன. எய்க்மனும் முதலில் நஞ்சைத்தான் சந்தேகித்தார். அவர் பணியைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ் 1901-இல் வேறொன்றைச் சொன்னார்: அரிசியில் கெட்ட பொருள் எதுவும் சேரவில்லை, தவிட்டோடு ஒரு நல்ல பொருள் போய்விட்டது. அந்தப் பொருள்தான் தயமின், அதாவது வைட்டமின் பி1. எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. தயமினை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் வழியை 1936-இல் கண்டவர் ராபர்ட் வில்லியம்ஸ். அவர் பிறந்த ஊர் நெல்லூர்.

இந்த வரலாற்றின் ஒரு கிளை நம் மலைமேலும் இருக்கிறது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அந்த நிறுவனம் பிறந்ததே பெரிபெரி ஏன் வருகிறது என்ற கேள்வியில்தான்.

இன்று ‘சுத்தமான உணவு’, ‘இயற்கை உணவு’ என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. அதில் அக்கறையும் இருக்கிறது, வியாபாரமும் இருக்கிறது, தேவையற்ற அச்சமும் இருக்கிறது. பக்குவப்படுத்திய எதுவுமே ஆகாது என்பவர்களும் உண்டு. மலாயாத் தமிழரைக் காத்த புழுங்கல் அரிசியோ, அவித்து, உலர்த்தி, குத்தி, இத்தனை படி பக்குவம் கண்ட அரிசி. ஆகவே பக்குவம் செய்வது குற்றமல்ல. எந்த உணவைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: இதிலிருந்து எதை எடுத்தார்கள்? இதில் எதைச் சேர்த்தார்கள்? இதன் கட்டமைப்பை எவ்வளவு உடைத்தார்கள்?

எதை எடுத்தார்கள்?

நெல்லின் மேலே உமி. அதை நீக்கினால் பழுப்பு நிற அரிசி. அதைச் சுற்றித் தவிட்டுப் படலம், ஒரு முனையில் முளை. உள்ளே இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. நார்ச்சத்து, எண்ணெய், பி வைட்டமின்கள், தாது உப்புகள் ஆகியவற்றின் பெரும்பங்கு தவிட்டிலும் முளையிலும்தான் அடங்கியிருக்கிறது. உரலில் குத்தும்போது தவிடு முழுவதும் போகாது. மில்லில் பாலிஷ் போடும்போது ஏறத்தாழ முழுவதும் போய்விடும்.

மில்காரர் இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. தவிட்டில் உள்ள எண்ணெய் சிக்குவாடை பிடிக்கும். கைக்குத்தல் அரிசியை நெடுநாள் மூட்டையில் வைக்க முடியாது. வெள்ளை அரிசி எளிதில் கெடாது, சீக்கிரம் வேகும், கண்ணுக்கும் அழகு. கடைக்கு வசதியான குணங்கள் எல்லாம் சேர்ந்து, உடம்புக்குத் தேவையானதைத் தவிட்டு மூட்டையில் கட்டி மாட்டுக்கு அனுப்பிவிடுகின்றன.

புழுங்கல் அரிசியில் நடப்பது வேறு. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, நீரில் கரையும் தயமின் போன்ற சத்துகள் தவிட்டிலிருந்து உள்ளே இறங்கி மாவுப்பகுதியில் தங்கிவிடுகின்றன. மாவுச்சத்தும் இறுகி அரிசி கெட்டிப்படுகிறது. பிறகு பாலிஷ் போட்டாலும், உள்ளே போனது போனதுதான். மில்லால் அதை எடுக்க முடியாது. களையும்போதும் பச்சரிசியைவிடக் குறைவாகவே சத்து கரைகிறது. இதே காரணத்தால்தான் தீட்டிய பச்சரிசி உண்ட ஆந்திரப் பக்கத்து வடசர்க்கார் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி பரவியபோது, புழுங்கல் அரிசி உண்ட தமிழ்ப் பகுதிகள் பெரிதும் தப்பின.

ரேஷன் கடைப் புழுங்கல் அரிசியை வாடை அடிக்கிறது என்று ஒதுக்கி, விலை கொடுத்துப் பளபளக்கும் பச்சரிசி வாங்கும் வீடுகள் உண்டு. சத்துக் கணக்கில் ஒதுக்கப்பட்ட மூட்டைதான் பல நேரம் முன்னே நிற்கும். நல்ல சாப்பாடு பணக்காரரின் சொத்து என்ற எண்ணம் நம்மிடமிருந்து போக வேண்டும்.

எதைச் சேர்த்தார்கள்?

பெரிபெரி காலத்தில் முதல் கேள்வி போதுமானதாக இருந்தது. இன்றைய அங்காடிக்கு இரண்டாம் கேள்வி தேவை. பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டேரோ 2009-இல் ஒரு பகுப்பை முன்வைத்தார். ‘நோவா’ எனப்படும் அந்த முறை, உணவுகளை அவை கண்ட பக்குவத்தை வைத்து நான்காகப் பிரிக்கிறது. முதல் வகை: அரிசி, பருப்பு, காய், பழம், பால், முட்டை, மீன் போன்று இயல்பாக அல்லது சிறிதளவே பக்குவப்பட்டவை. இரண்டாவது: எண்ணெய், உப்பு, சர்க்கரை போன்ற சமையல் பொருள்கள். மூன்றாவது: முதல் வகையோடு இரண்டாவதைச் சேர்த்துச் செய்தவை, உப்பிட்ட கருவாடு, பாலாடைக்கட்டி போல. நான்காவது: மிகையாகப் பதப்படுத்தப்பட்டவை. பாக்கெட் சிப்ஸ், கிரீம் பிஸ்கட், குளிர்பானம், உடனடி நூடுல்ஸ், காலையில் பாலில் கொட்டிச் சாப்பிடும் இனிப்புத் தானியங்கள் இதில் அடங்கும்.

நான்காம் வகையின் அடையாளம் எளிது. வீட்டு அடுக்களையில் இல்லாத பொருள்கள் அதில் இருக்கும்: மால்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப், குழம்பாக்கிகள், செயற்கைச் சுவையூட்டிகள், நிறங்கள். அனுமதித்த அளவில் இவை ஒவ்வொன்றும் நஞ்சு என்று சொல்வது மிகை. இவை சேர்க்கப்படும் நோக்கத்தைத்தான் கவனிக்க வேண்டும். மலிவான மாவு, மலிவான எண்ணெய், சர்க்கரை, உப்பு ஆகியவற்றுக்கு உணவின் சுவையையும் நிறத்தையும் மென்மையையும் கொடுத்து, நிறுத்தாமல் தின்னவைப்பதுதான் அந்த நோக்கம்.

சேர்ப்பது எல்லாமே கெடுதல் என்றும் எண்ணக்கூடாது. உப்பில் அயோடின் சேர்த்ததால் கழுத்துக்கழலை நோய் குறைந்தது. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்குவதும் பதப்படுத்தல்தான். யாருடைய நன்மைக்காகச் சேர்த்தார்கள் என்று பார்த்தால் தெளிவு கிடைக்கும்.

எவ்வளவு உடைத்தார்கள்?

மூன்றாம் கேள்வியைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம். 1977-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் 10 பேருக்கு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுப்பழம், மசித்த கூழ், சாறு. சாற்றை முழுப்பழத்தைவிட 11 மடங்கு வேகமாகக் குடித்துவிட முடிந்தது. வயிறு நிறைந்த உணர்வு முழுப்பழத்தில் அதிகம், கூழில் குறைவு, சாற்றில் மிகக் குறைவு. பழம் அதேதான், சர்க்கரையும் அதேதான். மெல்லும் நேரமும் நார்ச்சத்தின் பின்னலும் போனதும், போதும் என்று உடம்பு சொல்வதற்குள் வேண்டிய அளவுக்கு மேல் உள்ளே போய்விடுகிறது.

இதைப் பெரிய அளவில் காட்டியது 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு வெளியிட்ட ஆய்வு. 20 பேரை ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவும், இரண்டு வாரம் குறைவாகப் பதப்படுத்தப்பட்ட உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவின்போது ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார், எடை 0.9 கிலோ ஏறியது. மற்ற உணவின்போது அதே அளவு இறங்கியது. நார்ச்சத்துக் கணக்கைச் சமப்படுத்த, மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவில் அதைப் பானத்தில் கரைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. காகிதத்தில் எண் சமமாகிவிட்டது. வாயிலும் வயிற்றிலும் சமமாகவில்லை. 20 பேர், நான்கு வாரம் என்பது சிறிய ஆய்வுதான். ஆனாலும் ‘கலோரி ஒன்றுதானே’ என்ற வாதத்தை அது ஆட்டிவிட்டது.

நமக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி என்று மதிப்பிட்டது. மரபும் உழைப்புக் குறைவும் இதில் பங்கு வகிக்கின்றன. தட்டில் குவியும் மாவுச்சத்தும் இடைவேளை பாக்கெட்டுகளும் கூடவே நிற்கின்றன. 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் புதுப்பித்து வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களும் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவைக் குறைக்கும்படி சொல்கின்றன.

நம் அடுக்களையின் பக்குவங்கள்

மூன்று கேள்விகளையும் இட்லியிடம் கேட்டுப் பாருங்கள். அரிசியும் உளுந்தும் ஊறி, அரைபட்டு, இரவெல்லாம் புளிக்கின்றன. மாவு அரைபடுவதால் கட்டமைப்பு உடைகிறது, உண்மை. ஆனால் உளுந்தின் புரதம் அரிசியில் குறைவுபட்டதை ஈடுகட்டுகிறது; புளிக்கும்போது, இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பு ஏற்கவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட் குறைகிறது. பயறு முளைகட்டும்போதும் அது குறைகிறது, வைட்டமின் சி கூடுகிறது. கேழ்வரகு உமியும் தவிடுமாகப் பிரித்து எளிதில் தீட்ட முடியாத சிறுதானியம், பெரும்பாலும் தோலோடுதான் அரைபடும். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம் வேறில்லை.

அதற்காக வீட்டில் செய்ததெல்லாம் நல்லது என்று முத்திரை குத்தவும் முடியாது. ஊறுகாயிலும் அப்பளத்திலும் வடகத்திலும் உப்பு மிகுதி. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் உடம்புக்குச் சர்க்கரைதான். கைக்குத்தல் அரிசியும் சோறுதான். மலைபோல் குவித்தால் ரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சோற்றைக் குறைத்துப் பொரியலையும் கூட்டையும் பருப்பையும் கூட்டுவதுதான் அரிசி ரகத்தை மாற்றுவதைவிடப் பெரிய மாற்றம்.

கடையில் நிற்கும்போது

பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் வாக்குமூலம். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சிட வேண்டும் என்பது சட்டம். ‘ராகி பிஸ்கட்’ என்று முன்னால் எழுதி, பின்னால் முதல் பெயர் சுத்திகரித்த கோதுமை மாவு என்றிருந்தால், அது மைதா பிஸ்கட். சர்க்கரை ஒரே பெயரில் வருவதில்லை; குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் எல்லாம் அதன் உறவுகளே. பட்டியல் நீண்டு, பாதிப் பெயர்கள் நம் வீட்டு அலமாரியில் இல்லாதவை என்றால், கீழே வைத்துவிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் போனால் ஒரு வாரத்தில் பழைய வழக்கம் திரும்பிவிடும். அன்றாடம் வருவதை முதலில் மாற்றுங்கள். பல வீடுகளில் அது மாலை நான்கு மணித் தீனி. அந்த நேரத்துக்கு அவித்த வேர்க்கடலை, சுண்டல், பொட்டுக்கடலை, ஒரு வாழைப்பழம் போதும். அடுத்தது குளிர்பானமும் பாக்கெட் ஜூஸும். அவற்றின் இடத்தில் மோர், இளநீர், அல்லது பழத்தையே கடித்துத் தின்பது. மூன்றாவது, அரிசி: வழக்கமான பச்சரிசிச் சோற்றின் இடத்தில் புழுங்கல், முடிந்த நாளில் கைக்குத்தல், வாரத்தில் சில வேளை கேழ்வரகோ கம்போ. வேலைக்குப் போய் வரும் பெண்ணின் தலையில் மட்டும் இந்தப் பாரத்தை ஏற்றுவது அநியாயம். கடலை அவிக்கவும் பயறு ஊறவைக்கவும் வீட்டில் உள்ள எல்லோருக்கும் கை இருக்கிறது. கல்யாண விருந்தில் ஒரு ஜாங்கிரியோ, பயணத்தில் ஒரு பாக்கெட்டோ யாரையும் நோயாளியாக்கிவிடாது.

எய்க்மனின் கோழிகளைக் குணப்படுத்தியது அபூர்வ மருந்தல்ல, மில்லில் ஒதுக்கித் தள்ளிய தவிடு. விலை உயர்ந்த பொடிகளையும் வெளிநாட்டு விதைகளையும் தேடி ஓடத் தேவையில்லை. நம் உணவிலிருந்து எடுத்துவிட்டதைத் திரும்பக் கொண்டுவருவதும், நமக்காக அல்லாமல் விற்பனைக்காகச் சேர்த்ததை விலக்குவதும், பல்லுக்கும் வயிற்றுக்கும் உரிய வேலையை அவற்றிடமே விடுவதும் போதும். இந்த மூன்றும் பக்கத்துத் தெரு மளிகைக்கடையிலும் காய்கறிக் கடையிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே செய்யக்கூடியவை.