காட்சியும் காவலும்

கோடையில், குருநாகலிலிருந்து கலேவெல வழியாகத் தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவில் உல்லாசப் பிரயாணிகளின் வண்டிகள் மிகுகின்றன. சிங்கராஜ மழைக்காட்டில் பறவைகளையும் கடலோரத்து யாலவில் சிறுத்தையையும் கண்டவர்கள், இங்கு யானைகளைக் காண வருகிறார்கள். மின்னேரியாக் குளத்தின் நீர் வற்றி, கரைச் சேற்றில் இளம்புல் முளைக்கும்போது நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே கூடுகின்றன. அக்காட்சியின் முன் பேச்சற்று நிற்காதவர் அரியர்.

அந்த வியப்பு நல்லதே. ஆயினும் அது குற்றமற்றதா என்பதே நம் கேள்வி.

மாலையில் படம்பிடிக்கப்பட்ட யானை, இரவில் எங்கே போகிறது? இந்நாட்டில் யானைகள் நடமாடும் நிலத்தின் பெரும்பகுதி காப்பகங்களுக்கு வெளியேதான் இருக்கிறது. மாத்தளை மாவட்டத்துச் சேனைகளிலும் வயலோரங்களிலும் காவற்பரண் கட்டி, யானைவெடியும் தீப்பந்தமுமாக மனிதர் விழித்திருக்கிறார்கள். இரவெல்லாம் தந்தையோடு காவலிருந்த பிள்ளை மறுநாள் வகுப்பில் தூங்கி விழுகிறான். நாம் அவனுக்கு ‘ஜீவகாருண்யம்’ கற்பிக்கிறோம்! 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் மாண்டனர். தீனியில் மறைத்து வைக்கும் ‘ஹக்கபட்டாஸ்’ வெடி, வாய் சிதைந்த யானையை நாட்கணக்கில் பட்டினியால் கொல்கிறது. அதைச் செய்யும் கை கொடிய கைதான். ஆனால் அந்தக் கை பெரும்பாலும் ஏழையின் கை என்பதை மறந்து தீர்ப்புச் சொல்வது நீதியாகாது.

இப்பகையை யானையும் கமக்காரனும் மட்டும் உண்டாக்கவில்லை. 1845இல் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் றொஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரி, 1,400 யானைகளுக்குமேல் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. அன்று அது வீர விளையாட்டு. அக்காலத்தில்தான் மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்காக அழிக்கப்பட்டன. அந்தத் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர், மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைவரை காட்டுப்பாதையில் நடந்தனர். பசியாலும் பேதியாலும் பலர் வழியிலேயே விழுந்தனர். பிரயாணியின் கண்ணுக்கு அழகாகத் தெரியும் காடு, அவர்களுக்கு மரணப் பாதையாயிருந்தது. பின்னாளில் காட்டைக் காக்கும் எண்ணம் பிறந்தபோதும் சுமை எளியவர்மீதே விழுந்தது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவானபோது, அதை வாழ்விடமாகக் கொண்டிருந்த வேடர்கள் குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டார்கள்.

“காட்சிக்கு வருவோர் தரும் பணந்தானே காட்டைக் காக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். இதில் உண்மை உண்டு. பயன் தராத காட்டைக் கோடரியிடமிருந்து காப்பது கடினம். ஆனால் வரவு ஒருவருக்கும் இழப்பு இன்னொருவருக்கும் போனால், அந்தக் கணக்கு எப்படி நேராகும்? விடுதிக்கும் வாகனத்துக்கும் வருமானம்; பரணில் இருப்பவனுக்கு மிதிபட்ட நெல். “மனிதனே முதன்மை, யானைகளைத் துரத்துங்கள்” என்போரும் நமக்குத் துணையல்லர். துரத்தப்படும் யானைக்குப் போக்கிடம் இல்லை; அதன் வழித்தடத்தை மறித்தவர்களில் குடிசைக்காரனைவிடப் பெரிய திட்டக்காரர்களே அதிகம்.

வழி இல்லாமலும் இல்லை. காட்டின் நிர்வாக எல்லையில் இட்ட மின்வேலியின் இருபுறமும் யானைகளே நின்ற அனுபவம் நமக்குண்டு. மாறாக, ஊரைச் சுற்றியும், பயிர்க்காலத்தில் வயலைச் சுற்றியும் கிராமத்தவரே பராமரிக்கும் வேலிகள் பல இடங்களில் பயன் தந்திருக்கின்றன. 2020இல் வகுக்கப்பட்ட தேசியச் செயற்றிட்டமும் இவ்வழியையே வற்புறுத்தியது. அதற்குப் பணம் வேண்டும். காட்டின் அழகால் வருவாய் பெறுவோர் அதில் முதற்பங்கு தரவேண்டும். பயிரிழந்தவனுக்குரிய நட்டஈடு அலையவிடாமல் கிடைக்கவேண்டும். இது கருணையன்று, கடன்.

மின்னேரியாக் குளமே மகாசேனன் காலத்தில் மனித உழைப்பால் உருவானது. அன்று மண் சுமந்தோரின் பெயர்கள் நமக்குத் தெரியா. அவர்கள் கட்டிய கரைக்குள்தான் இன்று யானைகள் மேய்கின்றன. காட்டைக் காண மாணவரை அழைத்துச் செல்வோம், தவறில்லை. ஆனால் யானையைக் காட்டிய விரல், பக்கத்து வயலின் பரணையும் காட்டட்டும். அங்கே இன்றிரவு விழித்திருப்பவன் யாருக்காகவும் விழித்திருக்கிறான் என்று அவர்கள் கேட்கட்டும்.