மலையேறிய கால்கள்



ஆண்டவரின் தோற்றமாற்ற நற்செய்தியை இன்று கேட்டோம். பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூவரை மட்டும் அழைத்துக்கொண்டு இயேசு உயர்ந்த மலைக்குப் போகிறார். நற்செய்தி அந்த மலையின் பெயரைச் சொல்லவில்லை. திருச்சபையின் மரபு அதைத் தாபோர் மலை என்கிறது. ஆண்டவரின் முகம் ஒளிர்வதைக் கண்ட பேதுருவுக்கு அங்கிருந்து வர மனமில்லை. மூன்று கூடாரம் அடிக்கலாம் என்கிறார். இயேசுவோ அவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார். அடிவாரத்தில், வலிப்பால் துடிக்கும் மகனோடு ஒரு தகப்பன் காத்திருக்கிறான். ஒளியைக் கண்ட சீடர்கள் அடுத்துக் காண வேண்டியது அந்தப் பிள்ளையைத்தான்.

இந்த நற்செய்தியைத் தம் கால்களாலேயே வாழ்ந்து காட்டிய ஓர் இளைஞரை, 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்தார். அவர் பெயர் பியர் ஜோர்ஜோ ஃபிரசாத்தி. 1901இல் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்தவர். தந்தை ‘லா ஸ்தாம்பா’ நாளிதழின் உரிமையாளர். ஜெர்மனியில் இத்தாலியின் தூதராகவும் இருந்தவர். வசதிக்குக் குறைவில்லாத வீடு. ஆனால் அந்தத் தந்தைக்கு இறைநம்பிக்கை இல்லை.

தூரினிலிருந்து பார்த்தாலே ஆல்ப்ஸ் மலை தெரியும். அதன்மேல் பியர் ஜோர்ஜோவுக்குத் தீராத ஆசை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பனிச்சரிவுகளில் ஏறுவார். வழியில் செபமாலை சொல்வார். ஞாயிற்றுக்கிழமை என்றால் திருப்பலிக்குப் பிறகே மலைப்பாதை. நமக்கு உதவி விண்ணையும் மண்ணையும் படைத்த ஆண்டவரிடமிருந்தே வருகிறது என்ற 121ஆம் திருப்பாடலின் நம்பிக்கையோடுதான் அவர் மலைகளை நிமிர்ந்து பார்த்தார்.

ஒரே கயிற்றில் பிணைந்து ஏறுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே எவருக்கும் தனி வேகம் கிடையாது. தளர்ந்தவரின் நடையே எல்லோருக்கும் நடை. ஒருவர் சறுக்கினால் மற்றவர் காலூன்றி நின்று தாங்க வேண்டும். ஒருவர் சுமையை ஒருவர் தாங்குங்கள் என்று புனித பவுல் சொன்னது, அந்தச் சரிவில் உயிர் காக்கும் விதியாகிறது.

மலையில் உரமேறிய அந்தக் கால்கள் மற்ற நாள்களில் எங்கே நடந்தன என்று பாருங்கள். 1918இல் வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தவர், தூரினின் ஏழைக் குடியிருப்புகளில் மாடி மாடியாக ஏறி உணவும் மருந்தும் கொண்டுபோனார். பயணக் காசை ஏழைக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே திரும்புவார். நேரமாகிவிட்டால் ஓடியே வருவார். சுரங்கத் தொழிலாளர் நடுவே பணியாற்ற விரும்பியே சுரங்கப் பொறியியல் படித்தார்.

1925 ஜூன் தொடக்கத்திலும் அவர் மலையேறினார். அந்த மாத இறுதியில் இளம்பிள்ளைவாதம் தாக்கியது. அவர் தேடிப்போன நோயாளிகளிடமிருந்தே அது தொற்றியிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. ஆல்ப்ஸ் ஏறிய கால்கள் சில நாள்களில் செயலிழந்தன. கை முடங்கிக்கொண்டிருந்த வேளையிலும், ஓர் ஏழை நோயாளிக்குச் சேர வேண்டிய ஊசிமருந்தைப் பற்றி நண்பருக்குக் கோணல் எழுத்தில் ஒரு குறிப்பு எழுதினார். ஜூலை 4 அன்று, 24 வயதில் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் தெருவை நிறைத்த ஏழைகளைக் கண்ட பிறகுதான், தங்கள் மகன் யார் என்பது பெற்றோருக்கே முழுதாகத் தெரிந்தது.

அன்பானவர்களே, விடுமுறையில் நாமும் பிள்ளைகளோடு மலைக்கும் கடற்கரைக்கும் போகிறோம். தாராளமாகப் போங்கள். அங்கே அலைபேசியைக் கையில் எடுக்கும் முன் சற்று நேரம் பேசாமல் நின்று, படைத்தவருக்கு நன்றி சொல்லுங்கள். கூட வரும் பாட்டியின் நடைக்கு உங்கள் நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். போன இடத்தில் குப்பை போடாதீர்கள்; அது ஆண்டவர் படைத்த இடம்.

திரும்பி வந்த வாரத்திலேயே, படுக்கையை விட்டு எழ முடியாத ஒருவரின் வீட்டுக்கு நடந்து போங்கள். நம் பங்கில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று உங்கள் அன்பியக் கூட்டத்தில் கேளுங்கள், பெயர்கள் கிடைக்கும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மலையில் ஆண்டவரைச் சந்தித்தோம் என்பதற்கு, அந்த வீட்டுக் கதவை நாம் தட்டுவதே சாட்சி.

புனித பியர் ஜோர்ஜோவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.