தீனி வைத்தால் கடமை தீருமா?

வாயில்லா ஜீவன்களுக்கு இரங்குவது நன்மையான காரியம் என்பதில் நம்மவர்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவருக்கு அல்லாஹ் மன்னிப்பு வழங்கிய வரலாற்றை மதரஸாவுக்குப் போகும் சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் நன்மை என்று சொல்லி அதோடு நிறுத்தி விடுகிறோம். அந்த நன்மை எந்த இடத்தில் கடமையாக மாறுகிறது, கடமையாகிவிட்டால் எதைச் செய்தால் அது நிறைவேறும் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

அண்மையில் நம்மிடம் வந்த ஒரு கேள்வி இதைப் பேச வைத்தது. அறுவடை முடிந்த வயல்களுக்கு வாத்து மேய்ப்பவர்கள் மந்தையை ஓட்டி வருவதை நெல் விளையும் ஊர்க்காரர்கள் அறிவார்கள். அப்படி வந்த மந்தையில் ஒரு குஞ்சை நாய் கவ்வி, அலகு கிழிந்து, ஒரு காலும் பிசகிவிட்டது. "இது தேறாது" என்று மேய்ப்பவர் அதை அங்கு நின்ற பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். வீட்டுக்காரர் ஒரு கைப்பிடி நெல்லை அதன் முன் இறைத்தார். இரண்டு நாளாக நெல் அப்படியே கிடக்கிறது. "தீனி வைத்தாயிற்று. தின்னாவிட்டால் நாம் என்ன செய்வது? ரிஸ்கு அளிப்பவன் அல்லாஹ்" என்பது அவருடைய பேச்சு. வீட்டம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. மகனை நம்மிடம் அனுப்பி, "ஹஜ்ரத், பட்டினியால் இது செத்துப் போனால் எங்கள் மீது குற்றம் உண்டா?" என்று கேட்கச் சொல்லியிருந்தார்.

பூனையை அடைத்து வைத்துப் பட்டினியால் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அவள் மீது சொல்லப்பட்ட குற்றத்தைச் சற்று நிதானித்துக் கவனிக்க வேண்டும். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. பூமியில் உள்ள சிறு பிராணிகளைப் பிடித்துத் தின்னும்படி அதை விட்டுவிடவும் இல்லை. ஆக அவளுக்கு இரண்டு வாசல்கள் திறந்திருந்தன. இரண்டில் ஒன்றில் நுழைந்திருந்தாலும் அவள் தப்பியிருப்பாள்.

நல்ல நிலையில் இருக்கும் பிராணியை வைத்திருப்பவருக்கு இந்த இரண்டு வாசல்களும் உண்டு. அலகு கிழிந்து கால் பிசகிய குஞ்சை வைத்திருப்பவருக்கு இரண்டாவது வாசல் கிடையாது. அதை வயலில் விடுவதற்குப் பெயர் விடுதலையல்ல, காக்கைக்குப் போடுவதுதான். காணாமற்போன கால்நடைகளைப் பற்றிக் கேட்கப்பட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒட்டகத்துக்கு ஒரு விதமாகவும் ஆட்டுக்கு வேறு விதமாகவும் பதிலளித்தார்கள். ஒட்டகம் தானே நடந்து போய்த் தண்ணீரும் தழையும் தேடிக் கொள்ளும், அதை விட்டுவிட வேண்டும். ஆட்டை எடுத்துக் கொள்ளலாம், இல்லாவிட்டால் ஓநாய்க்குப் போய்விடும். தன்னைத் தானே காத்துக் கொள்ள முடியுமா முடியாதா என்பதே அங்கு அளவுகோல். நம் குஞ்சு எந்தப் பக்கம் சேரும் என்று சொல்லத் தேவையில்லை. (மேய்ப்பவர் தாமாகக் கொடுத்ததால் இங்கே சிக்கல் இல்லை. அவர் பாராதபோது பிள்ளைகள் தூக்கி வந்திருந்தால் அது பிறர் பொருள். முதலில் அவரைத் தேடிப் போக வேண்டும்.)

எனவே எஞ்சியிருப்பது உணவு கொடுக்கும் வாசல் ஒன்றே. நெல்லை இறைத்ததால் அந்த வாசலில் நுழைந்தவராக ஆவாரா? ஆறு மாதக் குழந்தையின் முன் பிரியாணித் தட்டை வைத்துவிட்டு, "பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டேன்" என்று ஒரு தகப்பன் சொன்னால் நாம் ஏற்போமா? உணவு கொடுப்பது என்றால் உணவு உள்ளே போவதற்கு வழி செய்வது. பூமியில் ஊர்ந்து திரியும் ஒவ்வொன்றின் ரிஸ்கும் தன் பொறுப்பு என்று அல்லாஹ் திருமறையில் கூறியிருப்பது உண்மை. அந்த ரிஸ்கைக் கொண்டு போய்ச் சேர்க்கும் கையாக இன்று அந்த வீட்டுக்காரரின் கையை ஆக்கியிருப்பவனும் அவனே. கையை மடக்கிக் கொண்டிருப்பதற்குத் தவக்குல் என்று பெயர் வைக்க முடியாது.

"இதனால் நமக்கு என்ன பயன்?" என்ற கேள்வியும் அந்த வீட்டில் எழுந்ததாகத் தெரிகிறது. ஹிஜ்ரி 660இல் மறைந்த சுல்தானுல் உலமா இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைக் கூறும்போது, அவற்றுக்குரிய உணவுச் செலவை முதலில் வைக்கிறார்கள். பிராணி முடமாகி, நோயுற்று, எந்தப் பயனும் தராத நிலைக்கு வந்தாலும் அந்த உரிமை விழாது என்கிறார்கள். பால் தரும் மாட்டுக்குத் தீவனம் வைக்க யாருக்கும் ஃபத்வா தேவைப்படுவதில்லை. அதே இமாம், ஒரு பிராணியைத் துன்புறுத்தும் வேறு பிராணிகளோடு, அவை அதன் இனமேயானாலும், சேர்த்து அடைக்கக் கூடாது என்றும் சொல்கிறார்கள். நலிந்த குஞ்சை மற்ற குஞ்சுகள் கொத்தித் தள்ளித் தீனித் தட்டை நெருங்க விடாமல் செய்வதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இனி, எப்படி ஊட்டுவது? விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டே எழுதுகிறோம். வாத்து, கோழியைப் போலத் தானியத்தைக் கொத்திப் பொறுக்கித் தின்னும் அமைப்புடையதல்ல. அதன் அலகின் ஓரத்தில் சீப்புப் பற்களைப் போன்ற வரிகள் உண்டு. தண்ணீரோடு சேர்த்து அள்ளி, தண்ணீரை வடித்துவிட்டுத் தீனியை விழுங்கும். தண்ணீர் இல்லாமல் உலர்ந்த தீனி மட்டும் வைத்தால் நல்ல குஞ்சுக்கே தொண்டையில் அடைக்கும். அலகு கிழிந்த குஞ்சு நெல்லை என்ன செய்யும்? குஞ்சுத் தீவனத்தையோ, வேகவைத்த குருணையையும் தவிட்டையுமோ கூழாகக் கரைத்துக் கொடுக்க வேண்டும். அருகில், மூக்குத் துவாரம் நனையும் அளவு ஆழமுள்ள கிண்ணத்தில் தண்ணீர் வேண்டும். அதில் அது விழுந்து மூழ்கிவிடக் கூடாது. அதற்கும் முன்னால் குஞ்சுக்குச் சூடு வேண்டும். உடல் குளிர்ந்து கிடக்கும் குஞ்சுக்கு உணவு செரிக்காது. தானாகத் தின்னாவிட்டால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்து, அது விழுங்கிய பின்பே அடுத்த சொட்டை வைக்க வேண்டும். வாயைப் பிளந்து ஊற்றலாகாது. மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே இருப்பதால் ஊற்றியது நெஞ்சுக்குள் போய்விடும். இரக்கத்தால் செய்ததே அதன் உயிரை வாங்கிவிடும். காலையும் அலகையும் கால்நடை மருந்தகத்தில் காட்டுவது நல்லது.

தாய்மார்களுக்கு ஒரு கவலை உண்டு: மடியில் வைத்து ஊட்டினால் உடுப்பில் அசுத்தம் படுமே, தொழுகை என்னாவது? வாத்தின் எச்சம் ஷாபிஈ, ஹனபி இரண்டு மத்ஹபிலும் நஜீஸ்தான். ஒரு பழந்துணியை மடியில் விரித்துக் கொள்ளலாம். பட்டுவிட்டால் கழுவிவிட்டுத் தொழலாம். கைக்குழந்தையை வளர்த்தவர்களுக்கு நாம் சொல்லியா தெரிய வேண்டும்?

இவ்வளவும் செய்தும் அது தேறவில்லை, நாளுக்கு நாள் வேதனை கூடுகிறது என்றால்? வாத்து உண்ண ஆகுமான பறவை. உண்பதற்காக முறைப்படி அறுப்பதில் தடையில்லை. உண்ணும் நோக்கமின்றி, வேதனை தீர்ப்பதற்காக மட்டும் உயிரை எடுப்பதில் ஷாபிஈ மத்ஹபு கண்டிப்பானது. உண்ணத் தகாத பிராணியை, அதன் வேதனை தீர்வதற்காக என்றாலும் அறுப்பது ஹராம் என்று, நம் மதரஸாக்களில் ஓதப்படும் பத்ஹுல் முஈனில் முடமான கழுதையை உதாரணம் காட்டியே எழுதப்பட்டுள்ளது. ஹனபி கிதாபுகளில் இதற்கு இடம் கொடுக்கப்பட்டுள்ளது. அவரவர் தம் மத்ஹபின் உலமாவிடம் கேட்டு நடக்கட்டும். கல்லில் அடிப்பது, வாய்க்காலில் எறிவது, பட்டினி போட்டுக் காத்திருப்பது ஆகியவற்றுக்கு இரண்டிலும் வழியில்லை. அறுப்பதானால் கத்தியைத் தீட்டி, பிராணிக்கு வேதனை குறையும்படி அறுக்க வேண்டும் என்பது நபிமொழி. சக்திக்கு உட்பட்டதைச் செய்தும் அது தானாக இறந்துவிட்டால் அந்த வீட்டார் மீது குற்றமில்லை. எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை.

"மனிதர்களே பட்டினி கிடக்கும்போது வாத்துக்கு என்ன இவ்வளவு ஆராய்ச்சி?" என்று சிலர் கேட்பார்கள். ஒரு கரண்டிக் கூழால் எந்த ஏழையின் பங்கும் குறைந்துவிடாது. இப்படிக் கேட்பவர்களில் எத்தனை பேர் அந்த ஏழையின் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று கேட்டால் கோபித்துக் கொள்வார்கள்.

குஞ்சு இறந்து, பிள்ளை அழுதால் அதட்ட வேண்டாம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்ற சிறுவர், தாம் வைத்திருந்த சிறு பறவை இறந்துபோனதால் வாடியிருந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தச் சிறுவரைப் பெயர் சொல்லி அழைத்து, அந்தப் பறவைக்கு என்னவாயிற்று என்று பரிவோடு விசாரித்தார்கள். ஷாபிஈ இமாம்களில் ஒருவரான இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள், இந்த ஒரு ஹதீஸிலிருந்தே 60 பயன்களை எடுத்துத் தனி நூலாக எழுதி வைத்திருக்கிறார்கள்.