மிஞ்சிய உணவும் ஓர் அமானிதமே!



நம்மில் பலருடைய வீட்டு அலமாரியில் இன்று ஓட்ஸ் பொட்டலம் ஒன்று பாதி தீர்ந்து நிற்கிறது. சர்க்கரை கூடிவிட்டது, கொழுப்பு ஏறிவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் வாங்குகிறோம். பத்து நாள் கஞ்சி காய்ச்சுகிறோம். பிறகு வாய்க்குப் பிடிக்காமல் போய்விடுகிறது. அதைக் கொட்டிவிடலாமா? யாருக்காவது கொடுத்துவிடலாமா? ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் கலந்து சுட்டுத் தீர்க்கலாமா? சமையலறைக் கேள்விபோலத் தோன்றினாலும் இது மார்க்கக் கேள்வியுமாகும்.

வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று திருமறை கண்டிக்கிறது. கீழே விழுந்த ஒரு கவளத்தைக்கூட அழுக்கு நீக்கி உண்ணுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் தண்ணீரை விரயம் செய்யலாகாது என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். எனவே, உண்ணத் தகுந்த நிலையில் உள்ளதைக் கொட்டுவதற்கு வழியில்லை. கஞ்சிதானே என்று இளக்காரமாக எண்ணவும் வேண்டாம். துயருற்ற உள்ளத்துக்கு மாவுக் கஞ்சி ஆறுதல் தரும் என்று நபிகளார் கூறியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

சரி, கொடுத்துவிடலாம் என்றால், அங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். தான தர்மத்துக்கென்று மட்டமான பொருளைத் தேடி எடுக்க வேண்டாம், நமக்கு ஒருவர் அதைத் தந்தால் கண்ணை மூடிக்கொண்டுதானே வாங்குவோம் என்று அல்பகறா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் உணர்த்துகிறது. நமக்குப் பிடிக்காததை, தேதி முடியும் தறுவாயில், வேலைக்கு வரும் அம்மாளின் கையில் திணித்துவிட்டு அதை 'சதகா' என்று கணக்கெழுதலாமா? அது தர்மமன்று, நம் அலமாரியைச் சுத்தம் செய்தது. பிரிக்காத பொட்டலமாக இருந்து, வாங்குபவர் அதை விரும்பி உண்பவராகவும் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். இல்லையேல் அது நம் பொறுப்பு.

மூன்றாவது வழி, சமைத்துத் தீர்ப்பது. உடனடி ஓட்ஸ் என்பது ஆவியில் வேகவைத்து மெல்லிய அவலாக நசுக்கப்பட்ட தானியம். அதனால்தான் வெந்நீரில் இரண்டொரு நிமிடத்தில் குழைகிறது. அரிசியை விட இதில் கொழுப்பு அதிகம். ஆகவே பிரித்து வைத்தால் நாளடைவில் சிக்கல் வாடை அடிக்கும். பழைய அரிசிக்கு உள்ள மதிப்பு பழைய ஓட்ஸுக்குக் கிடையாது. இளஞ்சூட்டில் வறுத்துப் பொடித்து, மூன்று பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு சேர்த்தால் ரொட்டி நன்றாகவே வரும். இந்த மாவுக்குக் கோதுமை மாவின் இழுவை கிடையாது. அளவு கூடினால் ரொட்டி விரிந்து உடையும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கால் கிலோ ஓட்ஸைக் காப்பாற்றுவதற்காக அரைக் கிலோ சர்க்கரை, நெய், முட்டை, முந்திரி எல்லாம் வாங்கி, ஒரு மணி நேரம் அடுப்பெரித்துக் கேக் செய்வோரும் உண்டு. சர்க்கரை நோயாளிக்காக வாங்கியது சர்க்கரைப் பண்டமாக மாறிவிடுகிறது! ஒரு விரயத்தைத் தடுக்கப் போய் அதைவிடப் பெரிய விரயத்தில் இறங்குவது அறிவுடைமையா?

அப்படியானால் இனிப்பே கூடாதா என்று கேட்கலாம். அப்படியன்று. பெருநாளைக்கு எப்படியும் தம்ரூட் செய்யத்தான் போகிறோம். அந்த ரவையில் கால் பங்குக்கு ஓட்ஸைச் சேர்த்தால் ரவை மிச்சம், ஓட்ஸும் தீரும். இன்றைக்கு எப்படியும் வார்க்கப்போகும் அடையில் ஒரு பிடி போடலாம். செய்யவிருந்ததற்குள் மிஞ்சியதை அடக்குவது சிக்கனம். மிஞ்சியதைச் சாக்காக வைத்துப் புதிதாகச் செலவழிப்பது ஆசை. இரண்டையும் பிரித்துக் காட்டுவது நிய்யத்துதான்.

இது வீட்டோடு நிற்கும் விஷயமுமன்று. திருவண்ணாமலையில் தீபத் திருநாளிலும் பௌர்ணமியிலும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் இந்துச் சகோதரர்கள் அன்னதானம் செய்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு கொடுத்த சோறு, பசியில்லாதவர் கையில் விழுந்து பாதித் தட்டோடு சாலையோரம் கிடப்பதும் உண்டு. நாம் மட்டும் சளைத்தவர்களா? நோன்புக் கஞ்சிக்காக 2001 முதல் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கி வருகிறது. அண்டாவில் மிஞ்சும் கஞ்சி வாய்க்காலுக்குப் போனால், அதற்கும் கேள்வி கணக்கு உண்டல்லவா? இதே ஊரில் 1950 வரை வாழ்ந்த ரமண மகரிஷி, சிந்திய அரிசிமணியையும் பொறுக்கி எடுத்ததாக அவரோடு இருந்தவர்கள் எழுதியுள்ளார்கள். நல்லொழுக்கம் எங்கிருந்தாலும் அதைப் பாராட்ட நாம் தயங்க வேண்டியதில்லை.

2022இல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன் என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானதென்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. குற்றவாளி எங்கோ இல்லை; நம் அடுப்படியில்தான்.

ஆகவே மிஞ்சியதை எப்படித் தீர்ப்பது என்பது இரண்டாவது கேள்வி. ஏன் மிஞ்சியது என்பதே முதல் கேள்வி. விலை மலிவென்று பெரிய பொட்டலம் வாங்கினோம். சிறியது வாங்கி ருசி பார்த்திருக்கலாம். கஞ்சிதான் வேண்டுமென்றால் நம் மாவட்டத்து ஜவ்வாது மலையில் விளையும் சாமை இருக்கிறது. அது வீட்டார் நாக்குக்குப் பழகியது; அலமாரியில் தங்காது.

தாய்மார்களே! இம்மாத மளிகைச் சீட்டை எழுதுமுன் அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். இருப்பதைக் கணக்கிட்டு இல்லாததை மட்டும் எழுதுங்கள். அந்த ஒரு பழக்கத்தில் பரக்கத் இருக்கிறது.

அளித்த ரிஸ்கை அமானிதமாகக் கருதி, விரயமின்றி உண்டு, விரும்பியதிலிருந்தே பிறருக்கும் வழங்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.