வரையாமல் விட்டது

ஒரு தலையில் சுமார் 1 லட்சம் முடி. அத்தனையையும் யாராலும் வரைய முடியாது. இழை இழையாப் போட்டால் துடைப்பம் மாதிரி ஆகிடும். 2பி-யில் நிழல், 4பி-யில் இருட்டு, வெளிச்சம் விழும் இடத்தில் வெறும் தாள். மென்மை வருவதே வரையாமல் விட்டதில்தான்.

அப்போ விடுவது பொய்யில்லை. சேர்ப்பது?

கீமோவுக்குப் பின் முளைத்த முடியோடு அம்மாவை வரைந்தேன். "கொஞ்சம் அடர்த்தியாப் போடுடா" என்றாள். போட்டேன். அழகாத்தான் இருந்தது, நான் பார்த்த அம்மா அதில் இல்லை. ரப்பரை எடுத்தவன் நிறுத்திவிட்டேன். நேர்மை என்னுடையது, சரி. முகம் அவளுடையதாச்சே?

உள்ளபடி இன்னொன்று வரைந்து, இரண்டையும் அவளிடமே கொடுத்தேன். முதலாவதைச் சுவரில் மாட்டச் சொன்னாள். இரண்டாவதைத் தன் பீரோவில் வைத்துக்கொண்டாள்.